ஓரிடத்தில் உட்காராத ஆர்டித்

ஆர்டித் நைகார்டுக்குக் காலைக் காப்பியை உட்கார்ந்து குடித்துப் பழக்கமில்லை. கோப்பையைக் கையில் பிடித்தபடியே வண்டிவீட்டைச் சுற்றி வருவாள். போகிற போக்கில் டயரை ஒரு உதை உதைப்பாள். கூரைமேல் இருக்கும் சோலார் பலகையில் தூசி படிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். பிறகு மேற்கே கருத்துக் கிடக்கும் மலை வரிசையைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்னு நினைக்கிற?" என்று கேட்பாள்.

கேள்வி அவள் கணவன் ஓரினுக்கு. துணிப்பந்தலின் கீழே மடக்கு நாற்காலியில் சாய்ந்திருப்பவன் கண்ணைக்கூடத் திறக்கமாட்டான்.

"இந்தப் பக்கம் இருக்கிறதுதான் இருக்கும். கல்லு, கள்ளி, நம்மள மாதிரி நாலு கிழம்."

வட டகோட்டாவில் முதல் பனி விழுந்ததுமே இருவரும் கிளம்பிவிடுவார்கள். அரிசோனாவில், குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே, கோடையில் நாய்கூட நடமாடாத பாலைவனத்தில் நவம்பர் பிறந்தால் எங்கு பார்த்தாலும் சக்கரம் வைத்த வீடுகள் நிற்கும். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பருவச் சீட்டு வாங்கிக்கொண்டால் குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் இருந்துவிடலாம். அப்படி இருப்பவர்கள் வாசலுக்குக் கல் பதித்து எல்லை கட்டுவார்கள், பிளாஸ்டிக் கொக்கு நடுவார்கள். சீட்டு வேண்டாம் என்றால் இலவச நிலம் இருக்கிறது. ஆனால் அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகாமைக் கலைத்துக்கொண்டு வேறிடம் போயாக வேண்டும். ஆர்டித்துக்கு அந்த இலவச நிலம்தான் வேண்டும்.

"கவர்மென்ட் போட்ட சட்டத்துலயே உருப்படியானது இது ஒண்ணுதான்" என்பாள். இரண்டு வாரம் முடிகிறவரைகூடப் பொறுக்கமாட்டாள். ஐந்தாம் நாளே வரைபடத்தை விரித்துவிடுவாள்.

அவள் அப்படி இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே பாதையில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். அதே சரளைக்கல் ரோடு, அதே பண்ணை வாசல்கள், அதே திருப்பம். கடைசி வருஷங்களில் அவள் ஏற்றிக்கொண்டு போனது, முதல் வருஷம் ஏற்றிய பிள்ளைகளின் பிள்ளைகளை. ஓரினோ கனரக லாரிக்காரன். நாட்டின் இரண்டு கடலையும் மாறிமாறிப் பார்த்தவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவன் வாங்கிவரும் சாவிக்கொத்துப் பொம்மைகளைச் சமையலறைச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருந்தாள். உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டே அவற்றில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் படிப்பாள். ஓய்வு பெற்ற பிறகு இருவருக்கும் ஆசை இடம் மாறிவிட்டது. அவள் ஓட விரும்பினாள். அவன் உட்கார விரும்பினான்.

ஒன்பதாவது குளிர்காலத்தில், ஜனவரியில் ஒரு காலை, ஓரின் அப்பம் சுட்டு அவளுக்கு முன்னால் வைத்தான். அவன் சுட்டால் ஏதோ சொல்லப்போகிறான் என்று அர்த்தம்.

"ஊருக்குள்ள ஒரு மனை பார்த்தேன்" என்றான். "சிமென்ட் தளம் போட்டது. தண்ணி குழாயில வருது, கரண்டும் இருக்கு. எலுமிச்சை மரம் ஒண்ணு நிக்குது."

"பார்த்தியா, பேசி முடிச்சியா?"

அவன் கல்லில் இருந்த அடுத்த அப்பத்தைத் திருப்பிப் போட்டான். "முடிச்சிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டா வரைபடத்தை விரிப்ப. ஆர்டித், என் முதுகு போச்சு. தண்ணித் தொட்டி தூக்கி, கழிவுத் தொட்டி கழுவி, பந்தல் கட்டி, பந்தல் பிரிச்சு... நான் ஓடின ஓட்டம் போதும்."

"நான் எங்க ஓடினேன்?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

அவள் எழுந்து, கழுவி வைத்த கோப்பைகளை மறுபடி கழுவினாள். பிறகு தூங்கும் பையையும், ஒரு பெட்டி பீன்ஸ் டப்பாவையும், தண்ணீர்க் குடுவைகளையும் வண்டிவீட்டுக்குப் பின்னால் கட்டி இழுத்துவரும் சின்னக் காரில் போட்டாள். பக்கத்து வண்டியிலிருந்து ட்வைலா தலையை நீட்டினாள். ஓரிகானிலிருந்து வரும் விதவை. யார் வாயையும் கிளறாமல் விடமாட்டாள்.

"எங்க, புருஷனை விட்டு ஓடுறியா?"

"ஆமா."

"அப்ப அவனோட அப்பம் எனக்கு" என்றாள் ட்வைலா. அப்புறம் ஆர்டித்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் போறன்னாவது சொல்லிட்டுப் போ" என்றாள்.

"தெற்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் ஒரு மலையடிவாரத்தில் நிறுத்தினாள். நல்ல இடம். ஆள் சந்தடி இல்லை. சீமைக் கருவேல மரம் ஒன்று நிழல் தந்தது. பீன்ஸைச் சுடவைப்பதற்குள்ளேயே, அடுத்த வளைவில் இதைவிட நல்ல இடம் இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் அந்த வளைவுக்குப் போனாள். அங்கே நின்றபோது அதற்கடுத்த பள்ளத்தாக்கு கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் காலையில், முந்தைய நாள் மாலை வெயில் எந்த மலைமேல் விழுந்தது என்று நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. போன இடம் எதையும் அவள் பார்க்கவே இல்லை. அது அவளுக்குக் கோபத்தைத் தந்தது. அந்தக் கோபத்திலேயே வண்டியைக் கிளப்பினாள்.

அந்த வேகத்தில்தான் காய்ந்த ஓடையில் இறங்கினாள். பார்வைக்கு இறுகியிருந்த மணல் முன்சக்கரங்களை அச்சுவரை விழுங்கிவிட்டது. டயரில் காற்றை இறக்கிப் பார்த்தாள். கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகிப் பார்த்தாள். பனியில் மாட்டிய பஸ்ஸை எத்தனையோ தடவை மீட்டவள். மணல் பனியைப் போல இல்லை. போனில் சிக்னல் இல்லை. உச்சி வெயில் ஏறும் நேரத்தில் ஒரு குடுவைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, எதிர்க்கரை ஏறி, தடத்தைப் பிடித்து உள்ளே நடந்தாள். உள்ளே போன டயர்த் தடம் ஒன்று இருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை. ஆகவே யாரோ இருக்க வேண்டும்.

திருப்பத்தில் நின்றிருந்தது ஒரு பழைய பள்ளிக்கூடப் பஸ். யாரோ கையாலேயே பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். வண்ணம் உரிந்த இடங்களில் மஞ்சள் தெரிந்தது. ஆர்டித் நின்றுவிட்டாள்.

"இத்தனை பெரிய பாலைவனத்துல உன்னைத்தான் பார்க்கணுமா?" என்று பஸ்ஸிடம் சொன்னாள்.

கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தள்ளித் திறந்தாள். இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் போட்டிருந்த கட்டிலில் ஒரு முதியவர் படுத்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். இடதுகால் முழங்கால்வரை சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. நெற்றி கொதித்தது.

"யாரும்மா, மில்ட்ரடா?" என்றார்.

"இல்ல, ஆர்டித். கார் மணல்ல மாட்டிக்கிச்சு. காலுக்கு என்ன?"

"கள்ளி முள்ளு. குதிகால்ல. எடுத்துட்டேனே, போன வாரமே." கொஞ்சம் யோசித்தார். "போன வாரந்தானா?"

பெயர் எமரி. நெப்ராஸ்காவில் தொலைபேசிக் கம்பம் ஏறும் வேலை பார்த்தவர். மனைவி போனபின் தனியாக இங்கே வந்துகொண்டிருக்கிறார். இவ்வளவையும் அவள் தண்ணீரை மூடி மூடியாகப் புகட்டிக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவர் பேச்சு நடுநடுவே எங்கெங்கோ போய்வந்தது. கால் காத்திருக்காது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எமரி, சாவி எங்க இருக்கு?"

"உங்களுக்கு இதை ஓட்ட வராதும்மா. இது சாதாரண வண்டியில்ல."

"சாவியைக் குடுங்க."

அவரைக் கட்டிலோடு இரண்டு பெல்ட்டால் கட்டினாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் இடுப்பு தானாகவே பழைய பள்ளத்தைத் தேடியது. இரண்டாவது முயற்சியில் என்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது. பிரேக்குக்குக் காற்றழுத்தம் ஏறும்வரை நகர முடியாது. மீட்டர் முள் அசைந்து அசைந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, முழங்காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைவிட நீண்ட காத்திருப்பை அவள் வாழ்க்கையில் அறிந்ததில்லை.

ஓடைக்கு வந்தபோதுதான் உறைத்தது. கரை சரிந்து இறங்கும் ஒரே வழியில் அவள் கார் குறுக்கே புதைந்து நின்றது. இறங்கிப் போய்க் காரை நியூட்ரலில் போட்டாள். பஸ்ஸின் முன்பக்கத்தைக் காரின் மூக்கில் மெதுவாக ஒட்ட வைத்தாள். பஸ்ஸின் பின்சக்கரங்கள் இன்னும் இறுகிய கரையில்தான் இருந்தன. அது ஒன்றுதான் நம்பிக்கை.

"என்னம்மா சத்தம்?" என்றார் எமரி, தகரம் நொறுங்கியபோது.

"ஒண்ணுமில்ல. என் காருதான்."

அவர் சிரித்தார், அல்லது முனகினார். கார் முரண்டு பிடித்து, பிறகு மணலைக் கிழித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அவள் காலை எடுக்கவில்லை. காரை அவள் இறங்கி வந்த கரைமேல் ஏற்றி, புதருக்குள் தள்ளிவிட்டு, பஸ் ரோட்டைப் பார்க்கத் திரும்பியது. தடம் நெடுகக் கட்டில் குலுங்காதபடி, முட்டைக்கூடை ஏற்றியவள் போல ஓட்டினாள். நெடுஞ்சாலை முனையில் சிக்னல் வந்ததும் ஆம்புலன்ஸுக்கும் ஓரினுக்கும் போன் செய்தாள். சொல்லிவைத்த இடத்தில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து அவரை ஏற்றிக்கொண்டது.

ஓரின், ட்வைலாவின் பிக்கப்பில் வந்து சேர்ந்தபோது ஆர்டித் இன்னும் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தாள். அவன் படியேறி வந்து, முதல் வரிசையில் எஞ்சியிருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தான்.  தூங்காத முகம்.

"கார் எங்க?"

"ஓடைப் பக்கம். முன்னாடி கொஞ்சம் சப்பையாயிடுச்சு."

"கொஞ்சம்னா?"

"ரேடியேட்டர் சீட்டுக்கிட்ட வந்திருக்கும்."

அவன் மீசையைத் தடவிக்கொண்டான். "மூணு நாளா தெற்கே தெற்கேன்னு பார்த்துட்டு இருந்தேன். கேக்காம முடிச்சது தப்புதான். ஆனா மனையை விடமாட்டேன், ஆர்டித். என்னால முடியல."

"விட வேண்டாம்" என்றாள். "என்னை அங்க உக்காரச் சொல்லாத, அவ்வளவுதான்."

எமரி பிழைத்தார். காலில் இரண்டு விரல்கள் போயின. நெப்ராஸ்காவிலிருந்து மகள் மில்ட்ரட் வந்து, இனி அப்பா தன்னோடுதான் என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸை உடைசலுக்குப் போடலாம் என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எமரி, "அந்தம்மாகிட்ட குடு" என்றார். "சொந்தக் காரையே இடிச்சுத் தள்ளின பொம்பள. என் பஸ்ஸுக்குக் கவலையில்ல."

அடுத்த குளிர்காலம் ஓரின் எலுமிச்சை மரத்தடியில் வண்டிவீட்டை நிறுத்தினான். ஆர்டித் பஸ்ஸில் கிளம்பினாள். வாரம் ஒருமுறை தண்ணீர் பிடிக்க ஊருக்குள் வருவாள், ஞாயிற்றுக்கிழமைப் பொதுச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போவாள். இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று முகாமில் பேச்சு பரவியது. ட்வைலாவே வந்து சொன்னாள்.

"நீ போனதும் உன் புருஷனுக்கு மூணு வீட்டிலிருந்து கேசரோல் சமைச்சு வருதாம். நான் குடுத்தது நாலாவது."

"தின்னட்டும். எனக்கும் ஒரு பங்கு வைக்கச் சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பாலைவனத்தில் நிற்கும்போது, ஓரின் மாத்திரை போட்டானா என்று நினைப்பாள். எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் கால் அரிக்கும். இரண்டுமே சரியாகவில்லை. ஒன்று மட்டும் மாறியது. கிளம்புமுன் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று, மலை எந்தப் பக்கம், ஓடை எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஓரின் தானாகவே, "ரெண்டு நாள் வரேன். முதுகு இப்ப பரவாயில்ல" என்றான். வழி முழுக்க அவன் வலதுகால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

"நாற்பது வருஷம் ஓட்டினவனைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுறது கொடுமைடி. கியரை மாத்து."

"மாத்த வேண்டிய இடத்துல மாத்துவேன்."

வெள்ளைப் பாறைகள் கிடந்த மேட்டில் நிறுத்தினார்கள். அவன் நாற்காலியை விரித்து, நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, இரண்டு தடவை இடம் மாற்றிப் போட்டு அமர்ந்தான். அவள் காப்பியோடு மேட்டின் விளிம்புவரை போனாள்.

"என்ன தெரியுது?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"இன்னொரு மேடு."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"தெரியல. போய்ப் பார்த்துட்டு வரேன். சூப்பை அடுப்புல வை."

"எவ்வளவு நேரமாகும்?"

அவள் அதற்குள் இறங்கிவிட்டிருந்தாள். கீழே சரளைக்கல் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. ஓரின் எழுந்து, முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தான்.