மறுபடி கேட்கச் சொன்னவள்

என் மருமகளுக்கு அவள் வேலை பார்க்கிற கல்லூரியில் 'மறுபடி மேடம்' என்று பட்டப்பெயர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தது, அவளுக்கும் தெரியும். வக்கீலாகப் போகிற பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். யார் என்ன பதில் கொண்டுவந்தாலும், "மறுபடி கேளு" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்து மறுபடி கேட்பாள். இது என்னடா, மாமியாரையே கூண்டில் ஏற்றுகிறாளே என்று முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மனநோய் உள்ளவர்கள் போலீசிலும் கோர்ட்டிலும் மாட்டிக்கொண்டால் சட்டம் அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதுதான் அவளுடைய பாடம். சொத்து, கம்பெனி விவகாரப் பாடங்களுக்கெல்லாம் காலை வேளையில் பெரிய ஹால். இவளுக்கு வாரக் கடைசியில் கடைசி மணி நேரம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கிற மாடி அறை. கூட வேலை பார்க்கிறவர்கள் 'பைத்தியக்கார கிளாஸ்' என்று சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். தங்கள் வீட்டுக்குள் வந்தால் பல்லைக் காட்டுவார்களா, பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் சின்ன மகன், அவளுக்குக் கொழுந்தன், அவன் காதுக்குள் ஒரு குரல் ஓயாமல் அதட்டும். எதிர்த்துப் பேசினால் கத்தும், ஆமா என்று சொன்னால் அடங்கும். அதனால் அவன் எல்லாவற்றுக்கும் ஆமா சொல்லப் பழகிவிட்டான். குரலுக்கும் ஆமா, எனக்கும் ஆமா, தெருவில் போகிறவனுக்கும் ஆமா.

கல்லூரியில் பழகுவதற்காக ஒரு பொய்க் கோர்ட்டு நடத்துவார்கள். ஒரு தடவை, மனநோயாளியாக வேஷம் கட்டிய பையன் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு, கண்ணை உருட்டி ஊளையிட்டானாம். ஒரே கைதட்டல். இவள் எழுந்து போய், "ஜெயில்ல இருக்கறவங்க நிறையப் பேர் கத்த மாட்டாங்கடா. கையக் கட்டிக்கிட்டு, சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு மரியாதையா நிப்பாங்க. அவங்களத்தான் நீங்க கோட்டை விடப் போறீங்க" என்றாளாம். முன்வரிசையில் இருந்த ஒருவன் அதைப் பரீட்சையில் அழகாக எழுதி, அந்தப் பாடத்தில் முதலாவதாக வந்தான். அப்புறம் காசில்லாதவர்களுக்காக அரசாங்கம் வைக்கிற வக்கீலாகவும் ஆனான். இவளுக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் சாயங்காலம் வெளியே போன சின்னவன் திரும்பவில்லை. ஒரு மருந்துக் கடையின் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்ததாம். இவன் அங்கே உட்கார்ந்து, யார் காலிலாவது குத்திவிடும் என்று சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தானாம். "நீதான் உடைச்சியா?" என்று போலீஸ்காரர் கேட்டார். "ஆமா." முடிந்தது விசாரணை! அவன் உடைத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்டவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மறுநாள் காலையில் விஷயம் தெரிந்து நானும் மருமகளும் கோர்ட்டுக்கு ஓடினோம். வராந்தாவில் சின்னவன் கையைக் கட்டி நிற்கிறான். பக்கத்தில் அவனுக்கு வைத்த வக்கீல். பார்த்தால் அந்த முதல் மார்க்குப் பையனேதான்!

"மேடம், நீங்களா! இவர் உங்க சொந்தமா? ஒண்ணும் கவலைப்படாதீங்க. குத்தத்த ஒத்துக்கிட்டா சின்ன தண்டனையோட போயிடும். அவருக்கும் புரிஞ்சிருக்கு."

"புரிஞ்சிருக்குன்னு யாரு சொன்னா?"

"கேட்டேனே மேடம். ஆமான்னாரு."

மருமகளின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. "உனக்குப் போய் முதல் மார்க்கு போட்டேனே, என்னைச் சொல்லணும்" என்றாள். "மறுபடி கேளு. தலைகீழா கேளு."

அவன் சின்னவன் பக்கம் திரும்பிக் கேட்டான். "அண்ணா, கண்ணாடிய நீங்க உடைக்கவே இல்லதானே?"

"ஆமா."

"அப்ப நான்தான் உடைச்சேன், இல்லையா?"

"ஆமா சார்."

அந்தப் பையனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒத்துக்கொண்டு தண்டனை வாங்கியிருந்தால், மருந்தும் இல்லாமல், ஜெயிலில் யார் எதைத் தலையில் கட்டினாலும் ஆமா என்று சுமந்திருப்பான் என் பிள்ளை. அவன் மேல் எத்தனை வழக்கு ஏறியிருக்குமோ!

மருமகள் வாதாட முடியாது. அவள் வாத்தியார், வக்கீல் இல்லை. கடைசி பெஞ்சில் என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். "ஆமா." உடனே அந்தப் பையன், "ஐயா, நான் ஒண்ணு கேக்க அனுமதிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சின்னவன் பக்கம் திரும்பினான். "அண்ணா, அந்தக் கண்ணாடிய இந்த நீதிபதி ஐயாதான் உடைச்சாரா?"

"ஆமா."

கோர்ட்டே குலுங்கிச் சிரித்தது. சின்னவனும், சிரிக்க வேண்டுமாக்கும் என்று நினைத்துச் சிரித்தான். மருமகள் எழுந்து நின்றாள். "எதுக்குச் சிரிக்கிறீங்க? இதே ஆமாவ நம்பித்தானே இப்ப தண்டனை குடுக்க இருந்தீங்க?"

இடையில் பேசியதற்காக அவளை வெளியே அனுப்பினார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனாள். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. சின்னவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

அதோடு ஆயிற்றா? ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை, காலியாகும் வரை ஜெயிலில் இருக்கட்டும் என்றார்கள். நோயாளி படுக்க ஆஸ்பத்திரியில் இடமில்லையாம். ஜெயிலில் மட்டும் எப்படி ஐயா எப்போதும் இடம் இருக்கிறது? அந்த வக்கீல் பையன் வெட்கத்தில் நாய் மாதிரி அலைந்து ஒரு கட்டில் வாங்கித் தந்தான். அலைய ஆளில்லாதவர்கள் உள்ளேயே கிடக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி, "பாட்டி, ரொம்பக் கோவமா இருக்கு, கொறைக்கவா?" என்கிறாள். குறைத்தால் தெரியும் சேதி.

மருமகள் இப்போது முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறப்பதில்லை. பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக உட்கார வைக்கிறாள். ஒருவர் எது கேட்டாலும் ஆமா என்று மட்டும் சொல்ல வேண்டும்; மற்றவர் அவரிடமிருந்து உண்மையை வாங்க வேண்டும். திணறுகிறார்களாம். திணறட்டும்.

சின்னவன் மருந்து சாப்பிட்டுத் தேறி வீட்டுக்கு வந்தான். கண்ணாடி வழக்கும் தள்ளுபடியானது. அதற்கப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கரண்டியை நீட்டினேன்.

"வேணாம்மா."

என் கை அப்படியே நின்றது. மருமகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அத்தை, மறுபடி கேளுங்க."

"கொஞ்சமே கொஞ்சம், சாமி?"

"அதான் வேணாம்னு சொல்றேன்ல! உங்க ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.