வலிப்பு மாத்திரையும் மூன்று மூக்குக்கண்ணாடியும்

தன் கண்ணில்தான் கோளாறு என்று ஒப்புக்கொண்டு கண்ணாடிக் கடைக்குள் நுழைகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. "வீட்ல டியூப்லைட் சரியில்ல", "பேப்பர்காரன் மையைக் கம்மி பண்ணிட்டான்", "பொண்டாட்டி தொல்ல தாங்கல, அதான் வந்தேன்" என்றுதான் வருவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு கண்ணாடிக் கடையில் நானும் நின்றேன். வருகிறவர்களையெல்லாம் மனசுக்குள் கேலி செய்துகொண்டே நின்றேன்.

கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. அவர்கள் எல்லோருடைய புளுகையும் தூக்கிச் சாப்பிடுகிற புளுகு ஒன்று என் கைப்பையில் இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு வலிப்பு. மாத்திரையை ஒரு வைட்டமின் புட்டியில் போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். இதற்கு முன் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் விஷயம் தெரிந்த அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இங்கயாவது வாயை மூடிக்கிட்டு இரு" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். மூடிக்கொண்டு இருந்தேன்.

மனப்பாடம்

கடையின் முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள். பின்பக்கம் ஒரு பச்சைத் திரை. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் கண் டாக்டர் ஒருவர் வந்து திரைக்குப் பின்னால் உட்காருவார். மற்ற நாட்களில் முதலாளியே டாக்டர். அவர் கண் மருத்துவம் கற்றது அவருடைய மாமா பரிசோதனை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து. எழுத்துப் பலகையில் குச்சியை வைத்துக் காட்டுவது என் வேலை. அலமாரிக்கு முன்னால் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு, உட்காரத்தான் நேரம் இருக்காது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். மறுவாரம் கம்பெனி மெடிக்கல், அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். எங்கள் பலகை பழசாகிப் போனதால் அன்று காலையில்தான் புதுசு மாட்டியிருந்தோம். மனிதர் நான் குச்சியை வைப்பதற்குள் மேலிருந்து கீழ்வரை மடமடவென்று ஒப்பித்தார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் புதுப் பலகையில் இல்லை. பழைய பலகையை அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டு, சபாஷ் வாங்கிக்கொள்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் இவர். பலகை மாறிவிட்டது என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க எதுக்கும்மா மாத்துறீங்க? எங்க கம்பெனில பத்து வருஷமா அதே போர்டுதான் தொங்குது."

இரண்டு இட்லி

அந்த வருஷம் பொங்கல் கழிந்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, கண்ணுக்குள் வலி ஆரம்பித்தது. யாரோ கட்டைவிரலை வைத்து உள்பக்கமாக அழுத்துகிற மாதிரி. சாயங்காலமானால் பலகையில் ஒரு வரி இரண்டு வரியாகத் தெரியும். நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகத் தள்ளும். கண் போய்விடுமோ என்று பயம் ஒரு பக்கம். மாத்திரைதான் காரணமோ என்று யாரையாவது கேட்டால் வலிப்பு வெளியே வந்துவிடும், வேலை போய்விடும் என்கிற பயம் இன்னொரு பக்கம். கண்ணா வேலையா என்று தராசில் போட்டு, வேலை என்று முடிவு செய்த புத்திசாலி நான்.

கடையின் பின்கட்டில் தாஸ் என்று ஒருவர் லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது, புத்திக்குத்தான் எல்லாம் தப்பும். நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார். ஒண்ணு ரெண்டாகத் தெரிகிறது அண்ணே என்று, அரை உண்மையை மட்டும் சொன்னேன். சக்கரத்தை நிறுத்தாமலே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "காலைல வவுத்துக்கு ஒண்ணியும் போடாம ஓடியாந்துர்றே. ரெண்டு இட்லி துன்னுட்டு வாமா, எல்லாம் ஒண்ணொண்ணா தெரியும்."

திரைக்குப் பின்னால்

இட்லியில் குணமாகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நானும் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு உண்டு. பேர், வயசு, அப்புறம் "வேறு நோய், மாத்திரை உண்டா?" என்று ஒரு வரி. அதைக் கேட்டு எழுதுவது என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிவிட்டார், கேட்டால் ஜனங்கள் மூலத்திலிருந்து மூட்டுவலி வரைக்கும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், டாக்டருக்கு ரயில் போய்விடும் என்று. அதனால் காலையில் வந்ததும் ஒரு கட்டுக் கார்டை எடுத்து, அந்த வரிக்கு எதிரே "இல்லை", "இல்லை" என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். ஆள் வருவதற்கு முன்பே அவருக்கு நோயில்லை. சர்க்கரைக்காரர், ரத்தக்கொதிப்புக்காரர் எல்லோரையும் ஒரே பேனாவில் குணப்படுத்தியிருக்கிறேன்.

எனக்கும் அந்தக் கட்டிலிருந்தே ஒரு கார்டு. டாக்டர் நல்ல மனிதர், ஆனால் எழுதியிருப்பதை நம்புகிற மனிதர். "வேற எதுவும் மாத்திரை சாப்பிடல இல்ல?" என்றார். இல்லை சார் என்றேன். லேசாக ஒரு பவர் எழுதிக் கொடுத்தார். முதலாளிக்குத்தான் பூரிப்பு. அலமாரியில் ஒரு வருஷமாக விலைபோகாமல் கிடந்த பெரிய பழுப்பு ஃப்ரேமை அவரே தேடி எடுத்து என் மூக்கில் மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "இனிமே கஸ்டமர் வந்தா ஷெல்ஃபக் காட்டவேணாம். உன் மூஞ்சியக் காட்டு, போதும்."

பாதி சூடு

வலி குறையவில்லை. முதலாளி டாக்டரைக் கேட்காமல் அவரே பவரை ஏற்றி இன்னொன்று போட்டார். அப்புறம் இறக்கி மூன்றாவது ஒன்று. மூக்கில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். கண்ணாடிக் கடையில் நிற்கிற பெண்ணே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றச் சொன்னார் ஒருவர். சனிக்கிழமை தவறாமல் தலைமுழுகச் சொன்னார் இன்னொருவர்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருவர் வருவார். வீட்டுக்காரருக்கு டிஃபென்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஃப்ரேமைத் தளர்த்த ஒரு நாள், இறுக்க ஒரு நாள் என்று வாரம் ஒருமுறை வந்துவிடுவார். ஒரு நாள் நான் வைட்டமின் புட்டியிலிருந்து மாத்திரை எடுத்து விழுங்குவதைப் பார்த்துவிட்டார். இங்கிலீஷ் மருந்து எல்லாமே சூடு, அந்தச் சூடு நேரே கண்ணுக்குத்தான் ஏறும் என்று அடித்துச் சொன்னார். இத்தனை பேர் சொன்னதில் நான் நம்பித் தொலைத்தது இதைத்தான். ஏனென்றால் சொன்ன அவருக்கும் கேட்ட எனக்கும் வலிப்பு என்ற வார்த்தை தேவைப்படவில்லை. "எந்த மாத்தரையா இருந்தா என்ன கண்ணு, பாதியா ஒடச்சுப் போடு. சூடும் பாதியாப் போயிருமுங்."

அண்ணனூர் பெஞ்சு

பாதியாக உடைத்துத்தான் போட்டேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், பத்து நாளில் கண்வலி நிஜமாகவே குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரைவிட நான் கெட்டிக்காரி என்று பெருமையாகக்கூட இருந்தது.

பதினோராம் நாள் காலை வேப்பம்பட்டில் ரயில் ஏறினேன். ஆவடி தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அண்ணனூர் பிளாட்பார பெஞ்சில்தான் கண் விழித்தேன். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் உப்பு. கைக்குள் யாரோ ஒரு பெரிய சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். என்னைச் சுற்றி ஒரு பட்டிமன்றம். வலிப்புக்கு இரும்புச் சாவிதான் என்று ஒரு கட்சி, செருப்பை மூக்கில் காட்டினால் போதும் என்று இன்னொரு கட்சி. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவமானத்தில் அப்படியே பெஞ்சோடு பெஞ்சாகப் போய்விடலாம் போல இருந்தது.

சாவிக்காரர் ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கிறவர். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சாவியைக் கேட்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தால், முந்தின மாதம் எங்கள் கடையில் வாங்கிய கண்ணாடி அவர் மூக்கில். அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து என் மூன்றாவது கண்ணாடியை எடுத்து ஊதித் துடைத்து நீட்டினார். "கண்ணாடி விக்கிற பொண்ணுதானே நீ? ஒண்ணும் ஆவலமா, ஃப்ரேம் கெட்டியா கீது."

வாய் வலிக்குதா

பயத்தில் மறுபடி முழு மாத்திரைக்குப் போனேன். கண்வலியும் முழுசாகத் திரும்பி வந்தது. ஷெட்காரர் எப்போது கடைக்கு வந்து என்ன சொல்வாரோ என்று, கதவு திறக்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடை நிறைய ஆட்கள். பாரிவாக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது வயசிருக்கும். சொந்த நிலத்தில் கீரை போட்டுப் பூந்தமல்லி மார்க்கெட்டில் விற்கிற குடும்பம். கண்ணெல்லாம் நோவுது, ஒரு ஆள் ரெண்டு ஆளாத் தெரியறாங்க என்றார். எனக்குத் திக்கென்றது. ஆனாலும் கை பழக்கத்தில் "இல்லை" கார்டு ஒன்றை உருவி அவர் பேரை எழுதியது. அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "இல்லன்னு எழுத ஒனுக்கு யாரு சொன்னது? எனுக்குக் காக்கா வலிப்பு கீது. பதினஞ்சி வருசமா மாத்தர துன்னுகினு கீறேன்" என்றார். முழுக்கடைக்கும் கேட்கிற குரலில், கீரை விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

என்னைத்தான் சொல்லிவிட்டார் என்பதுபோல நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் எழுந்து ஓடவில்லை. தாஸின் சக்கரம்கூட நிற்கவில்லை. டாக்டர்தான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். பேனாவை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தினார். அந்த அம்மாவின் கண்மணி ஓரத்துக்குப் போனதும் கிடுகிடுவென்று துடித்தது. சமீபத்தில் மாத்திரையைக் கூட்டினார்களா என்று கேட்டார். ஆமாம், மூணு மாசமாச்சு என்றார் அந்த அம்மா. மாத்திரை அளவு உடம்புக்கு அதிகமாகியிருக்கலாம், கண்ணாடி வேண்டாம், மாத்திரை கொடுத்த டாக்டரிடம் நாளைக்கே போங்கள், நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஒரு கண்ணாடி விற்காமல் போன துக்கத்தில் முதலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போகிற போக்கில் என்னிடம் நின்றார். "கேட்டு எழுதுனா இன்னாமா? வாய் வலிக்குதா ஒனுக்கு?"

நாலடி

கடைசி ஆள் போனதும் திரைக்குப் பின்னால் போய், எனக்கும் அந்தப் பேனாவைக் காட்டுங்கள் சார் என்றேன். காட்டினார். என் கண்ணும் துடித்திருக்க வேண்டும், உடனே என் கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். "இல்லன்னு போட்டிருக்கே, யார் எழுதினது?" என்றார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன? நான்தான் சார் என்றேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. அதே பேனாவால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார்.

அங்கே போக லீவு வேண்டும். லீவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இந்தத் தடவை காய்ச்சல், சித்தப்பா சாவு என்று எதையும் கண்டுபிடிக்க எனக்குத் தெம்பு இல்லை. கடை சாத்துகிற நேரத்தில் முதலாளி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். இந்த ஆள் முன்னால் போய் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுதேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் குறைத்ததும், மூன்று வாரத்தில் பலகையில் வரிகள் ஒன்றொன்றாகத் தெரிந்ததும், வலி விட்டதும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. நாளைக்கு இந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரலாமா கூடாதா என்பதுதான் பெரிது.

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். நான் நிற்கிற இடத்தையும் எனக்குப் பின்னால் இருந்த அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "லீவு எடுத்துக்க, போய்ட்டு வா. ஆனா இனிமே ஷெல்ஃபுக்கு முன்னால நிக்காத, நீ வுழுந்தா அத்தனையும் ஒடஞ்சிடும்."

சொன்னால் குடி முழுகிவிடும் என்று கண்ணைக்கூடப் பணயம் வைத்து மூன்று வருஷம் நான் காப்பாற்றிய ரகசியம் வெளியே வந்த மறுநாள், அந்தக் கடையில் இடம் மாறியது நாலடி தள்ளிப் போடப்பட்ட என் ஸ்டூல் ஒன்றுதான்.