நுரைத்த நெல்லி ஜாடி

மேகமலையில் வேலை பார்த்த அண்ணன் அந்த ஆண்டு இரண்டு பை நெல்லிக்காய் அனுப்பினார். பாதியைத் தேனில் ஊறவைத்தேன். மீதியை மாமனாரின் இருமலுக்கென்று வெல்லம் சேர்த்து ஜாடியில் புளிக்க வைத்தேன். மூன்றாம் வாரம் அதில் பொங்கிய நுரையை என் இரண்டு வயது மகள் வழித்துத் தின்றுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். எவ்வளவு தின்றாளோ, போதை ஏறிவிட்டதோ என்று பதறி, அவள் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன்.

"ஒரு நக்கு நக்குனதுக்கா இந்தப் பாடு? சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவ மாதிரி முழிக்கிறியே ஆத்தா!" என்று மாமியார் சிரித்தார்.

சாயங்காலம் கண் விழித்தவள் ஜாடியைக் கைகாட்டி, "இன்னும்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஜாடியைப் பரணில் ஏற்றினேன். முதல் நாளே ஏற்றியிருக்கலாம். இப்போதும் நெல்லி புளிக்கும் வாசனை வந்தால், அந்த வெதுவெதுப்பான மூச்சு என் விரலில் படுகிறது.