அரை டேங்குக்குக் கீழே

யதொல்லா இறந்த ஏழாம் நாள். ஆண்கள் அறையில் விரிப்பைச் சுற்றி நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவி எஷ்ரத் எழுந்து வந்தாள். நேராக யதொல்லாவின் தம்பி நொஸ்ரத் முன்னால் போய் நின்றாள்.

“வயிறாரச் சாப்பிடு நொஸ்ரத். உன் கைவேலைதான் இந்த வீட்டு அடுப்பை அணைச்சது.”

நொஸ்ரத் எழுந்தான். வாசலில் அவன் காலணியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போகும்வரை எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

நொஸ்ரத் எங்கள் அசதாபாத்தில் டீசல் பம்பு மேஸ்திரி. ஹமதானிலிருந்து கெர்மான்ஷா வரை ஓடும் பழைய லாரிகளில் பாதிக்கு மேல் அவன் மேஜையில் பம்பைக் கழற்றிப் பூட்டியவைதான். அண்ணனின் லாரிக்கும் அவன்தான். முப்பது வருஷத்துக்கு முந்தைய நீள மூக்கு வண்டி, சிவப்பு நிறம். விபத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பம்பை நொஸ்ரத் முழுசாகப் பிரித்துச் சரிசெய்து கொடுத்திருந்தான்.

அந்தப் பயணத்தில் எஷ்ரத்தும் கூடப் போயிருந்தாள். உருளைக்கிழங்கைத் தெஹ்ரானில் இறக்கிவிட்டு, இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். ஹமதானைத் தாண்டி எங்கள் கணவாயில் ஏறும்போது எஞ்சின் இருமியது. இரண்டு தடவை வெள்ளைப் புகை கக்கியது. நின்றுவிட்டது. தை மாசத்துப் பனி, சாலை கண்ணாடி மாதிரி இருந்தது.

“ஏர் வாங்கிடுச்சு. இறங்கி பின்சக்கரத்துக்குக் கல்லு வை, சீக்கிரம்!” என்றான் யதொல்லா.

எஷ்ரத் குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தள்ளி வைத்தாள். யதொல்லா மூடியைத் திறந்து, லைனில் இருந்த காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அடித்துக்கொண்டிருந்தான். கல் பனியில் வழுக்கியது. வண்டி பின்னால் சரிந்தது, மூக்கு திரும்பியது. முன்சக்கரம் அவனை மலைச்சுவரோடு சேர்த்து நசுக்கியது.

ஒரு வாரத்துக்கு முன்பு பூட்டிய பம்பு ஏற்றத்தில் கைவிட்டது. இதற்கு மேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? நொஸ்ரத்தின் பட்டறைக்கு வண்டி வருவது நின்றது. கணவாய் அடிவாரத்தில் டயர் கடை வைத்திருக்கிற நான், யார் வந்து கேட்டாலும் “பம்பு வேலையா, ஹமதான் போயிடுங்க” என்றுதான் சொன்னேன். இரண்டே மாசத்தில் நொஸ்ரத் பட்டறையை மூடிவிட்டு, மனைவி மஹீனோடு மலாயர் போய்விட்டான். அங்கே ஒரு திராட்சைக் கிடங்கில் உலர்ந்த திராட்சையைப் பெட்டியில் அடைக்கிற வேலை.

எஷ்ரத்துக்கு இரண்டு பெண்கள், ஒரு லாரி, அவ்வளவுதான். வண்டியைச் சரிசெய்து ஆள் போட்டு ஓட்டினாள். ஒன்றரை வருஷத்தில் மூன்று ஓட்டுநர்கள் மாறினார்கள். மூன்று பேரும் ஒரே புகார்தான் சொன்னார்கள். போகும்போது குதிரை மாதிரி ஏறுகிறது, வரும்போது கணவாயில் நின்றுவிடுகிறது. ஒருவன் ஃபில்டரை மாற்றினான். அடுத்தவன் எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சும் நாசில் ஆறையும் மாற்றினான். மூன்றாமவன் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பையும் லைன் பைப்புகளின் வாஷர்களையும் மாற்றிவிட்டு, ஒருநாள் சாவியை என் கடையில் வைத்துவிட்டுப் போனான்.

“ரத்தம் குடிச்ச வண்டி அது. வரும்போது அந்த இடம் தெரிஞ்சு நிக்குது. வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க, நான் வரமாட்டேன்.”

நான் சொன்னேன். எஷ்ரத் சாவியை வாங்கி முக்காட்டு முனையில் முடிந்துகொண்டாள்.

“வண்டிக்கு என்ன தெரியும் பஹ்மன் அண்ணே? இடம் தெரிஞ்சு நிக்குதாம். அப்படின்னா அதுவே சரக்கும் பிடிச்சுக்கட்டும்.”

கனரக வண்டிக்கான உரிமத்துக்கு அவள் மூன்று முறை போய் வந்தாள். டீக்கடையில் ஒருவன் அவள் காதுபட, “ஆப்கூஷ்த் குழம்பு கிண்டுற கைக்கு ஸ்டியரிங் அடங்குமா?” என்று கேட்டான். “உன் பொண்டாட்டி கைக்கு நீ அடங்கலையா?” என்றாள் எஷ்ரத். அதற்குப் பிறகு அவனை ஊரே ‘பொண்டாட்டிக்கு அடங்கினவன்’ என்றுதான் கூப்பிட்டது. நான்காவது முறை உரிமம் கிடைத்தது.

வண்டி எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். நொஸ்ரத்தின் கை பட்ட எதுவும் அந்த வண்டியில் இருக்கக்கூடாது என்று, வேறொரு பம்பை வாங்கி ஹமதானில் பொருத்தினாள். பழையதை ஒரு சாக்கில் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு என் கடை மூலையில் போட்டாள். “இரும்பு வாங்குறவன் வந்தா குடுத்துடுங்க” என்றாள். நான்தான் மறந்துபோனேன்.

முதல் பயணம். தெஹ்ரான் போய்ச் சேர்ந்துவிட்டாள். திரும்பி வரும்போது மறுநாள் மத்தியானமே என் கடைக்கு வந்துவிட வேண்டியவள், சாயங்காலம்தான் வந்தாள். கைகளில் டீசல். முகம் வெளுத்துக் கிடந்தது. டீ ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரைக் கட்டியைக்கூட வாயில் போடாமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நின்னுடுச்சு அண்ணே. அதே ஏத்தம், அதே இருமல்.”

“ஏதாவது ஒரு வாஷர் லூஸா இருக்கும்மா.”

“பம்பு வேற அண்ணே. நாசில் வேற. ஃபில்டர் வேற. வண்டியில மிச்சம் ஒண்ணும் இல்ல. அப்ப நான் யாரை என்ன சொன்னேன்?”

நாங்கள் எல்லோரும் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அவள் சொன்னதைத்தான் நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

அந்த வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மலாயர் போனாள். மஹீன்தான் கதவைத் திறந்தாள். எஷ்ரத்தைப் பார்த்ததும் கதவை விட்டு நகராமல் நின்றாள். உள்ளேயிருந்து நொஸ்ரத், “யாரு?” என்றான். “உங்க அண்ணி” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அடியில் கணப்பு வைத்த கோர்சி மேஜையின் போர்வைக்குள் காலை நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து நொஸ்ரத் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயதுக்காரன், ஐம்பது மாதிரி இருந்தான். எஷ்ரத் உட்காராமலே நடந்ததைச் சொன்னாள்.

அவன் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: “இப்ப நிக்கிறதுக்கு வேற காரணம் இருக்கலாம் அண்ணி. அன்னைக்கு நின்னது என் பம்பாலதான் இருக்கும்.”

“அப்படி எப்படிச் சொல்றே?”

“மூணு வருஷமா ராத்திரியில அந்தப் பம்பைப் பிரிச்சுப் பூட்டிக்கிட்டுக் கிடக்கேன், கண்ணை மூடினா. ஒரு நாள் ஸ்பிரிங்கைத் தப்பா வெச்சிருக்கேன். ஒரு நாள் ஒரு நட்டை இறுக்க மறந்திருக்கேன். எது நெஜம்னு எனக்கே தெரியல.”

எஷ்ரத், தன்னை எதிர்த்துப் பேசுவான் என்று நினைத்து வந்தவள். அவள் சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டிருந்தான்.

“பழைய பம்பு இன்னும் என் கடையிலதான் கிடக்கு” என்றேன் நான்.

நொஸ்ரத் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் கண்ணில் பழைய மேஸ்திரி தெரிந்தான். “யாரும் பிரிக்கலையே?”

“சாக்குல சுத்தினது சுத்தினபடி.”

எஷ்ரத் பக்கம் திரும்பினான். “எப்ப நிக்குது அண்ணி?”

“வரும்போது மட்டும்.”

“போகும்போது டேங்க் முழுசா இருக்கும். வரும்போது?”

“அரைக்குக் கீழே.”

“அப்ப இதைச் செய்யுங்க. என் பம்பையே மறுபடி மாட்டுங்க. டேங்க்கைத் தொடாதீங்க. எஞ்சினுக்கு மேல தனியா ஒரு கேன் கட்டி, அதுலேர்ந்து ஃபீட் பம்புக்கு நேரா டியூப் குடுங்க. பாரத்தோட அதே ஏத்தத்துல ஏறுங்க. நின்னா, நீங்க சொன்னது சரி. நிக்கலைன்னா, கோளாறு டேங்க் பக்கம்.”

“நீ வந்து மாட்டிக் குடு நொஸ்ரத்.”

“மாட்டேன். நான் தொட்டா, தொட்டதாலதான் ஓடுச்சுன்னோ நின்னுச்சுன்னோ ஆயிடும்.”

ஹமதான் மேஸ்திரி பழைய பம்பைப் பூட்டினான். இருபது லிட்டர் கேனை எஞ்சினுக்கு மேல் கயிற்றால் கட்டி, வெள்ளை டியூப் இழுத்தோம். இரும்புக் கம்பி பாரம். வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில் ஹமதான் பக்கத்து ஏற்றத்தில் எஷ்ரத் இரண்டாம் கியரைப் போட்டாள். பக்கத்தில் நான், மடியில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டைகள்.

அந்த வளைவு வந்ததும் அவள் உதடு அசைய ஆரம்பித்தது. பிரார்த்தனையா, எஞ்சின் சத்தத்தை எண்ணுகிறாளா, எனக்குத் தெரியவில்லை. இரும வேண்டிய இடத்தில் இருமவில்லை. மலைச்சுவர் என் ஜன்னலை ஒட்டி மெல்ல நகர்ந்தது. வண்டி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறியது.

நல்லவேளை என்று நான் சிரித்துவிட்டேன். அவள் ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய் பின்சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். நான் கட்டைகளோடு கீழே நின்றேன். ஏறியது வண்டி. இறங்கியது என்ன என்று அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் டேங்க்கைத் திறந்து, டீசல் உறிஞ்சும் குழாயை வெளியே இழுத்தோம். மேலிருந்து டேங்கின் அடிவரை போகும் செம்புக் குழாய் அது. சரியாக நடுவில் பித்தளை வைத்து ஒட்டிய ஒரு பழைய ஒட்டு. அதில் நகத்தை வைத்தால் மாட்டுகிற மாதிரி ஒரு வெடிப்பு. டீசல் அதற்கு மேலே இருக்கும்வரை வெடிப்பு டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும், ஒரு தொந்தரவும் இல்லை. மட்டம் கீழே இறங்கினால் குழாய் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சும். சமதரையில் எஞ்சின் அதைச் சமாளித்துவிடும். பாரத்தோடு ஏற்றத்தில், டீசல் அதிகம் கேட்கிற நேரத்தில், மூச்சு அடைத்துவிடும்.

“இது கோம் ரோட்டுல ஒட்டினது. கல்லு பட்டு டேங்க் நசுங்கினப்ப. புதுக் குழாய் வாங்க அரை நாள் ஆகும்னு எங்க வீட்டுக்காரர்தான் ஒட்டச் சொன்னார். நான் வண்டியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றாள் எஷ்ரத்.

குழாயை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடி மலாயர். இந்த முறை அவளே கோர்சி பக்கத்தில் உட்கார்ந்து, குழாயை அவன் முன்னால் வைத்தாள். நொஸ்ரத் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெடிப்பின் மேல் விரலை ஓட்டினான். அவன் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை.

“ஒரு தடவை,” என்றான். “ஒரே ஒரு தடவை யாராவது இந்த டேங்க்கைத் திறந்திருக்கக் கூடாதா?”

“நொஸ்ரத்...”

“மூணு வருஷம் அண்ணி! எங்க அண்ணனோட கல்லறைப் பக்கம் போகக்கூட எனக்குக் கால் வரல. எல்லாருக்கும் பம்பு தெரிஞ்சுது. யாருக்கும் குழாய் தெரியலையா?” திடீரென்று என்னைப் பார்த்தான். “உங்களுக்கும் தெரியலையா பஹ்மன் அண்ணே? ‘ஹமதான் போயிடுங்க’ன்னு சொல்ல மட்டும் தெரிஞ்சுது.”

நான் சொன்னது அவன் வரைக்கும் வந்திருக்கிறது.

எஷ்ரத் சொன்னாள்: “கல்லை வெச்சது நான்.”

“என்னது?”

“சக்கரத்துக்குக் கல்லை வெச்சது நான். சின்னக் கல்லு. பக்கத்துல பெரிசு ஒண்ணு இருந்துச்சு, தூக்க முடியல, குளிரு, அவசரம். இது தாங்கும்னு நினைச்சேன். வழுக்கிடுச்சு. அன்னையிலேர்ந்து அந்தக் கல்லு என் நெஞ்சு மேல இருந்துச்சு. அதைத் தூக்கி யார் மேலயாவது போட்டாத்தான் நான் மூச்சு விட முடியும். நீ பக்கத்துல இருந்தே.”

சமையலறை வாசலில் மஹீன் வந்து நின்றிருந்தாள். நொஸ்ரத் குழாயைக் கீழே வைத்தான்.

“பனியில எந்தக் கல்லும் நிக்காது அண்ணி” என்றான். “போயிட்டு வாங்க. இன்னைக்கு இதுக்கு மேல என்னால முடியாது.”

ஊருக்குத் திரும்பியதும் எஷ்ரத் லாரி நிற்கும் மைதானத்து டீக்கடைக்குள் நுழைந்தாள். பெண்கள் காலெடுத்து வைக்காத இடம். மேஜைமேல் குழாயைப் போட்டு, எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் தப்பாகச் சொன்னேன், நீங்கள் விசாரிக்காமல் நம்பினீர்கள் என்றாள். நாங்கள் நாலைந்து பேர் மலாயர் போய் நொஸ்ரத்தைத் திரும்பக் கூப்பிட்டோம். டீ கொடுத்தான். ஒரு தட்டு திராட்சை வைத்தான். பட்டறை திறக்க மாட்டேன் என்றான். ஸ்பேனர் பிடித்தால் கை நடுங்குகிறது என்றான். அதன் பிறகு நாங்கள் கேட்கவில்லை.

எஷ்ரத் புதுக் குழாயோடு இப்போதும் ஓட்டுகிறாள். டேங்க் அரைக்குக் கீழே போகும்போது மட்டும் இன்னும் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிவிடுகின்றன என்று ஒருமுறை சொன்னாள். மலாயர் பக்கம் சரக்கு கிடைத்தால் விடமாட்டாள். கொழுந்தன் வீட்டு முன்னால் நிறுத்துவாள். சில நாள் நொஸ்ரத் உட்கார்ந்து பேசுவான். சில நாள் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே பின்கதவு வழியாகக் கிளம்பிவிடுவான், மஹீன்தான் டீ கொடுப்பாள்.

போன மாசம் அவள் எஞ்சினை அணைக்காமல் கதவைத் தட்டியிருக்கிறாள். அவன் வெளியே வந்து, வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டானாம்.

“மூணாவது நாசில் சொட்டுது அண்ணி. ஊருக்குப் போனதும் பாருங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்விட்டானாம்.