கிரேக்கரின் ‘நே’

என் டாக்சியில் ஏறிய கிரேக்கருக்கு, நான் கொண்டாடும் கால்பந்து வீரரின் சாயல். “அவர் நீங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். போனிலிருந்து நிமிராமல் “நே” என்றார். ‘நோ’வைத்தான் அப்படிச் சொல்கிறார், இல்லையாக்கும் என்று நினைத்து, லண்டனின் மோர்டன் வரை அந்த வீரரின் புகழ் பாடினேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் ஆடிய ஆட்டங்களையும், இறுதியாட்டத்தில் கோட்டைவிட்ட பெனால்டியையும் விடவில்லை.

“இன்னொரு பெனால்டி கிடைத்தால் யாரை அடிக்கச் சொல்வாய்?” என்றார்.

“அவரைத்தான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் இறங்கிய கிரேக்க உணவகத்தில் சமைப்பவன் என் மனைவியின் தம்பி. அவரைக் கண்டதும் என்னிடம் ஓடிவந்தான்.

“அத்தான், ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு தெரியுமோ?”

“கேட்டனான். ‘நே’ எண்டவர்.”

“கிரேக்கத்திலை ‘நே’ எண்டால் ஓம், அத்தான்.”

அவர் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். பெனால்டியை நினைத்துக் கூசிப்போனேன். ஆனால் அவர்தான் என்று தெரிந்து சொல்லியிருந்தால், ‘அவரைத்தான்’ என்ற என் பதிலை அவர் நம்பியிருக்க மாட்டார்.