இலை முத்திரைப் பை

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருஷம் தோட்டத்தில் அக்காவுக்கு ஒரு துண்டு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். தேயிலை பிடித்தால் துண்டு அவள் கையில் இருக்கும். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். நாற்று வளர்க்கும் தவறணையிலிருந்து லொறியில் வந்த கன்றுகள் வழக்கமான கறுப்புப் பொலித்தீனில் இல்லை. பச்சை இலை முத்திரை போட்ட புதுப் பையில் இருந்தன.

எப்போதும் பையைப் பிளேடால் கீறி உருவிவிட்டுத்தான் குழியில் வைப்போம். கீறும்போது மண் உதிர்ந்து வேர் அறுந்துவிடுமோ என்று அக்காவுக்குப் பயம்.

"என்னா எழுதியிருக்கு, பாரு" என்றாள்.

"கொம்போஸ்டபிள்னு போட்டிருக்குக்கா. நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால கொம்போஸ்ட் குழி இருக்குல்ல, அதுல போட்ட குப்பைமாதிரி உக்கி மண்ணாப் போயிரும். பையோடயே வையி."

லொறிக்காரரும், "ஒக்கோம திரனவா நங்கி" என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். எல்லாம் உக்கிவிடுமாம். அக்கா சந்தோஷமாகப் பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் சில மாதத்தில் இலைகள் மஞ்சளாகின. ஒன்றைத் தோண்டிப் பார்த்தோம். பை அப்படியே இருந்தது, எழுத்துக்கூட அழியவில்லை. வேர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக் கிடந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். தொழிற்சாலைச் சூட்டில்தான் உக்கும், வீட்டுக் குழிக்கு ஆகாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. போனிலேயே தேடிப் பார்த்தால், வீட்டு மண்ணில் உக்குவதற்கு வேறு முத்திரையாம். உக்காமல் தூள்தூளாக உடைவது இன்னொரு வகையாம். அதன் மேலும் இதே இலையைத்தான் வரைகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? பலாங்கொடை, இரத்தினபுரி என்று விசாரித்தேன். அப்படியொரு தொழிற்சாலையை யாருக்கும் தெரியவில்லை. தவறணையில் கேட்டால், வந்த பையில் மண் போட்டோம் என்றார்கள்.

அடுத்த கிழமை துண்டைப் பார்க்கத் தோட்டத்து அதிகாரி ஐயா வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சேதி வந்த அன்றே அக்கா ஒவ்வொரு கன்றாகத் தோண்டிப் பையைக் கீற உட்கார்ந்தாள். முதல் கன்றிலேயே பையோடு வேரும் கையில் வந்தது. இரண்டாவதிலும் அப்படியே.

"கீறினா வேர் போவுது, விட்டா செடி போவுது. நீதானே படிச்சவ, என்னா செய்யணும்னு சொல்லு" என்றாள்.

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே எனக்குத் தெரியும் என்று நம்பி, மூன்றாவது கன்றை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்திருந்தாள்.