புவனேஸ்வரனின் மூன்று விரல்கள்

கென்னத் சுங்கைப்பட்டாணியில் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவன். வயது நாற்பத்தெட்டு. பயணிகளை இறக்கிவிட்டதும் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவான். கூட்டிப்போன எந்த இடத்தையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

போன ஆகஸ்டில் மாதர் சங்கத்தினரைக் கோலாலம்பூரின் பெரிய அலங்காரக் கலை அருங்காட்சியகத்துக்கு ஏற்றிச் சென்றான். சங்கத் தலைவி யோகேஸ்வரி பேருந்துக் கதவைத் தட்டினார்.

"தம்பி, ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கு. வெளிய வெயில் கொளுத்துது, உள்ள ஏர்கோண்ட். சும்மா வா லா."

போனான். வெள்ளித் தாம்பாளங்கள், பொன்னிழை நெய்த துணிகள், கொடியும் கிளியும் செதுக்கிய கட்டில்கள். ஒரு நாற்காலியின் கால் வளைவை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்தபடி நின்றான். நான்காவது கூடத்தில் வாள்களும் கத்திகளும் இருந்தன. தந்தத்தில் பிடி, வெள்ளியில் உறை.

"எவ்ளோ அழகு பாத்தியா!" என்றார் யோகேஸ்வரி. கென்னத் பிடிகளிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான்.

"பிடி நல்லா இருக்கா, கென்னத்?"

கேட்டவர் அந்தக் கூடத்தின் காவலர். நரைத்த மீசை. இடக்கையில் இரண்டே விரல்கள்.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன், கெடாவின் பெண்டாங் ஊரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் இரண்டு கும்பல்கள் வெட்டிக்கொண்டன. ஒன்றில் கென்னத் இருந்தான். இந்தக் காவலர் புவனேஸ்வரன் எதிலும் இல்லை. தன் மோட்டார் சைக்கிளை எடுக்க வந்தவர். ஆள் தெரியாமல் கென்னத் அவர் தலைக்குப் பாராங் கத்தியை ஓங்க, அவர் கையைக் குறுக்கே கொடுத்தார். மூன்று விரல்கள் தார்ச்சாலையில் விழுந்தன. தப்பி ஓடியபோது ஒன்று கென்னத்தின் காலடியில் நசுங்கியது. ஆறு வருடம் சிறையில் இருந்தான். அந்த விரலைப் பற்றி மட்டும் எவரிடமும் சொல்லவில்லை.

"புவனேஸ்வரண்ணே..." என்றான் கென்னத்.

"பேரு ஞாபகம் இருக்கா? கோர்ட்ல ஒரு தடவகூட நீ என் மூஞ்சியப் பாக்கல."

கயிறு கட்டி நிறுத்தியிருந்த பித்தளைக் கம்பத்தைப் பிடுங்கி அவர் வீசினார். முதல் அடியில் கென்னத்தின் தோள் எலும்பு முறிந்தது. இரண்டாவது அடி விலாவில். அவன் சரிந்த வேகத்தில் கண்ணாடிப் பெட்டி விரிசல் விட்டது. அபாய மணி அலறியது. மூன்றாவது அடி இறங்குமுன் கென்னத்தின் நல்ல கை அவர் கழுத்துக்குப் போய்விட்டது. சுவரோடு வைத்து நெரித்தான். அவர் கண்கள் பிதுங்கின. இரண்டு விரல்கள் அவன் கன்னத்தைப் பிறாண்டின.

"விடு தம்பி! செத்துருவாரு!"

இரக்கப்பட்டு விட்டதாக அவன் யாரிடமும் சொன்னதில்லை. யோகேஸ்வரி முறிந்த தோளைப் பிடித்து இழுத்தார். வலியில் கை தானாகக் கழன்றது.

போலீசில் அவன் புகார் கொடுக்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. காவலர் வேலை மட்டும் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்துப் புவனேஸ்வரனின் மனைவி தேவகி கென்னத்தின் வீட்டுக்கு வந்தார். கென்னத்தின் மனைவி ஜெசிகா வைத்த தண்ணீரை அவர் தொடவில்லை.

"பெண்டாங்குக்கே திரும்பிட்டோம். வேல கேட்டு வரல. வெரல் போனப்ப எனக்கு ஏழு மாசம். நழுவிருமோன்னு பயந்து, பொறந்த புள்ளைய அவரு ஒரு நாளும் தூக்கல. அது ஒனக்குத் தெரியணும்."

அவர் போனதும் ஜெசிகா கேட்டாள்: "ஏதோ சண்டைன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

முழுவதையும் சொன்னான், காலடியில் நசுங்கிய விரல் வரை. அவள் கோலா கெடாவிலுள்ள தன் அக்கா கேதரின் வீட்டுக்குப் போய்விட்டாள். பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தோள் கூடியதும் கென்னத் பெண்டாங்குக்குப் போனான். வாசலில் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த புவனேஸ்வரன் ஸ்பேனரோடு எழுந்து வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ஆமாண்ணே."

"இன்னொரு தடவ இந்தப் பக்கம் பாத்தேன், கொன்னுருவேன்."

"சரிண்ணே."

அவர் சொன்னதைச் செய்வார் என்று அவனுக்குத் தெரியும். பெண்டாங் பக்கம் சவாரி வந்தால் இப்போதெல்லாம் வேறொரு ஓட்டுநருக்குக் கொடுத்துவிடுகிறான்.